உடம்பு வாகு

துறைமுகத்தில் அவரை எல்லாரும் உச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியின் முதுகில் இறக்குவதுதான் வேலை. உச்சி இறக்கினால் லாரி டிரைவருக்கே தெரியாது, கீழே நிற்கிற ஆள் கதவைத் தட்டிச் சொன்னால்தான் வண்டியை எடுப்பான் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கன்டெய்னர் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் அந்தப் பிடிப்பு வந்தது. அது வந்தால் இரண்டு நிமிடம்தான் அவகாசம் என்று அவருக்குத் தெரியும். ஏணியில் நூற்றெழுபது படி. அதற்குப் பிறகு கழிப்பறை வரை ஓட வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஆகாது. தொங்குகிற சரக்கை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கவும் முடியாது, கீழே மனிதர்கள் நிற்கிறார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு கன்டெய்னரை இறக்கினார். லாரி குலுங்கவில்லை. கொக்கி விடுபட்டதும் அவர் உடம்பும் விட்டுக்கொடுத்துவிட்டது.

காற்சட்டை நனைந்தது. குனிந்து பார்த்தார். பாதிக்கு மேல் ரத்தம்.

நூற்றெழுபது படியையும் அப்படியேதான் இறங்கி வந்தார். கீழே சைகை காட்டுகிற ஆளும் இரண்டு லாரி டிரைவர்களும் நின்றிருந்தார்கள். சைகைக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஒருவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம் என்று உச்சிக்குத் தோன்றியது. அந்த மரியாதைதான் தாங்க முடியாமல் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆரம்ப நிலைதான், கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார்கள். முப்பத்தேழு நாள் வைத்தார்கள். தினமும் மூத்திரப்பை முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு மேசையில் அசையாமல் படுக்க வேண்டும். தலைக்கு மேல் இயந்திரம் ஒரு சுற்று சுற்றும், முடிந்துவிடும். வலி இல்லை, சூடுகூட இல்லை. நோய் போய்விட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒண்ணுமே தெரியல. வெயில்ல நின்னாகூட இதைவிட சுடும்" என்று சொன்னார். சொன்ன நாளில் அது உண்மையாகத்தான் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து ரத்தம் வர ஆரம்பித்தது. முதலில் சொட்டு. பிறகு கழிப்பறைக் கோப்பை சிவப்பாகும் அளவுக்கு. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை, பத்து தடவை ஓட்டம். ஆஸ்பத்திரிக்கு எட்டு முறை போனார். வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் முதல் தடவை மூலம் என்று களிம்பு கொடுத்தார். அடுத்த தடவை காரத்தைக் குறைக்கச் சொன்னார். பிறகு தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். ஐந்தாம் தடவை உச்சி குரலை உயர்த்தியதும், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கரண்ட் வெச்ச சில பேருக்கு கொஞ்சம் தொந்தரவு இருக்கும். உங்க உடம்பு வாகு அப்படி" என்றார். உள்ளே குழாய் விட்டுப் பார்க்க நான்கு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

உடம்பு வாகு. ஏதோ அவரே பார்த்துப் பார்த்து வாங்கிவந்த பழுதான சாமான் மாதிரி.

கிரேனிலிருந்து இறங்கி வந்த அன்று வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுந்தார். தண்ணீர் ஏன் சுடவில்லை, துண்டு எங்கே, கதவை யார் சாத்தியது என்று ஒவ்வொன்றுக்கும் கத்தினார். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"எங்கிட்ட எதுக்குக் கத்தறீங்க? ஒரு வருஷமா உங்க துணியைத் துவைக்கிறவ நான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நீங்களா சொல்வீங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன். இங்க கத்தறதை அங்க போய்க் கத்துங்க. அந்த டாக்டர் முன்னாடி மட்டும் பூனைக்குட்டி மாதிரி உக்காந்துட்டு வர்றீங்க."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

அடுத்த வாரம் அவருடைய தம்பி வந்தார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர், அண்ணனைவிட ஐந்து வயது இளையவர். கையில் ஆஸ்பத்திரி உறை இருந்தது. பிரிப்பதற்கு முன்பே அது என்னவென்று உச்சிக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கும் அதேதான்ணே. ஆனா நான் பயப்படல. நீதான் எல்லாத்தையும் பாத்துட்டியே. ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னல்ல? அறுவையா கரண்டான்னு கேட்டாங்க. கரண்ட்னு சொல்லிட்டேன்."

தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார். சமையலறை வாசலில் நின்ற மனைவி கணவரையே பார்த்தாள். உச்சி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் காற்சட்டையை நனைத்துக்கொண்டேன் என்று கூடப்பிறந்தவனிடம் எப்படிச் சொல்வது?

"நானும் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கரண்ட் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நர்ஸ் தம்பியிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். பிறகு இன்னொரு கட்டுத் தாளை நீட்டினாள்.

"இது ஆராய்ச்சிக்கு. இஷ்டம் இருந்தா போடுங்க. ரெண்டு குப்பி ரத்தம் எடுப்போம். கரண்ட் வெச்சா யாருக்குப் பின்விளைவு அதிகமா வரும்னு மரபணுவுல பாக்கறாங்க. பொறக்கும்போதே சில பேரு உடம்புல அது இருக்கும்."

தம்பி பேனாவை எடுத்தார். உச்சி நர்ஸின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் சொன்னாள். "உங்ககிட்டயும் எடுத்திருப்பாங்களே சார். நாலு வருஷமா எல்லார்கிட்டயும் எடுக்கறோம்."

எடுத்தார்கள். இடது கையில். உச்சிக்கு இப்போது நினைவு வந்தது. புற்றுநோய் என்று சொன்ன அன்று, அரை மணி நேரத்துக்குள், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"என் ரத்தத்துல என்ன வந்துச்சு?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். பின்கட்டடம், நாலாவது மாடி."

தம்பியை உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடியில் அடிவயிறு பிடித்தது. அங்கிருந்த கழிப்பறைக் கதவில் "ஊழியர்களுக்கு மட்டும்" என்று எழுதிப் பூட்டியிருந்தார்கள். கதவைக் கையால் அறைந்தார். மீண்டும் அறைந்தார். யாரோ ஒரு பெண் பயந்துபோய் சாவியோடு ஓடிவந்தாள். வெளியே வந்து மிச்சப் படிகளையும் ஏறினார்.

நாலாவது மாடியில் ஆராய்ச்சி டாக்டர் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. உச்சி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தனி ஆளுக்கு முடிவு சொல்றதில்லைங்க. மொத்தமா ஆயிரம் பேரை வெச்சுத்தான் பாக்கறோம். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல நாலாம் பக்கத்துல இருக்கு."

"அந்தப் பக்கத்தை நான் படிக்கலம்மா. கேன்சர்னு சொன்ன கையோட குடுத்தா எவன் நாலாம் பக்கம் படிப்பான்?" அவர் உட்காரவில்லை. கிரேன் மேல் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாத வார்த்தைகளை ஒரு அந்நியப் பெண்ணிடம் சொன்னார். டாக்டர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். அவருடைய நோயாளி எண்ணைக் கேட்டு வாங்கிக் கணினியில் தட்டினார். வெகு நேரம் திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னுல்ல போட்டிருக்கு" என்றார், தனக்குத்தானே பேசுவது போல.

"ஏன், ஆகும்னு எதிர்பாத்தீங்களா?"

டாக்டர் திரையை வேறு பக்கம் திருப்பினார். அதிலேயே உச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சொல்லுங்கம்மா. என் ரத்தம். என் உடம்பு. நாந்தான் அதைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி வந்திருக்கேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வித்தியாசங்களைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் அதிகம் என்றால் கரண்டில் அடிபட்ட நல்ல திசுக்கள் மெதுவாகத்தான் ஆறும் என்பது அவர்களுடைய ஊகம். ஊகம்தான், ஜோசியம் இல்லை. தொள்ளாயிரம் பேரில் மிக அதிகம் என்று வந்த நாற்பது பேரில் உச்சியும் ஒருவர்.

"உங்களுக்குக் கரண்ட் வெச்சப்ப இந்த மதிப்பெண்ணே கிடையாதுங்க. போன வருஷம்தான் வந்துச்சு. முன்னாடியே தெரிஞ்சு மறைச்சோம்னு நெனைக்காதீங்க."

"போன வருஷம் நான் எட்டு தடவை இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எட்டு தடவை. இங்க நாலாம் மாடியில நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். கீழ ரெண்டாம் நம்பர் ரூம்ல களிம்பு எழுதிக் குடுத்தாங்க."

"கீழ இருந்து எங்களுக்கு வர்ற அறிக்கையில 'மூலம்'னு இருக்கு. பின்விளைவுன்னு இல்ல. அதனால..." டாக்டர் தயங்கினார். "எங்க கணக்குல நீங்க, மதிப்பெண் அதிகமா இருந்தும் ஒண்ணும் ஆகாதவர். உங்களை வெச்சு இந்தப் பரிசோதனை சரியில்லைன்னுகூட ஒரு கூட்டத்துல பேசியிருக்கோம்."

உச்சிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "அப்ப நான் ரத்தமாக் கொட்டினது உங்க ஆராய்ச்சிக்கும் உதவல."

"மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதை அப்புறம் பாக்கலாம். என் தம்பி ரத்தமும் இப்ப கீழ எடுக்கறாங்க. அதை எப்பப் பாப்பீங்க?"

"ஐநூறு பேர் சேர்ந்ததும் ஒண்ணா..."

"அதுக்குள்ள அவனுக்குக் கரண்ட் வெச்சு முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவீங்க! அவனும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கம்மா."

"கூடப்பிறந்தவங்கன்னா ஒரே மாதிரி இருக்கணும்னு இல்லைங்க. சராசரியா பாதிதான் பொதுவா இருக்கும்."

"எந்தப் பாதி?"

தம்பியின் ரத்தத்தை முன்கூட்டியே பார்க்க, ஆராய்ச்சிக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்கிறேன் என்றார் டாக்டர்.

உச்சி கூடத்துக்கு இறங்கி வந்த அதே நேரம் வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் கூடத்தை ஒட்டியிருந்த தன் அறையிலிருந்து வெளியே வந்தார். உச்சியைப் பார்த்ததும் வழக்கமான புன்னகை.

"என்ன சார், எப்படி இருக்கீங்க?"

"யாருய்யா மூலம்னு எழுதினது?"

கூடம் முழுக்கத் திரும்பியது. டாக்டர் முகம் சிவந்தது. "சார், உள்ள வாங்க, பேசலாம்."

"உள்ள எட்டு தடவை வந்துட்டேன். இன்னைக்கு வெளியவே பேசலாம். எனக்கு என்ன ஆவுதுன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பாத்துக் கேட்டியா? நான் ரத்தம்னு சொன்னா நீ காரம்னு சொன்ன. நான் வலின்னு சொன்னா நீ வயசுன்னு சொன்ன. உடம்பு வாகாம், உடம்பு வாகு! ஆமாய்யா, அதேதான். மேல நாலாம் மாடியில அதுக்கு மார்க்கே போட்டு வெச்சிருக்காங்க. ஒரே ஆஸ்பத்திரி, நடுவுல நாலு மாடி. உங்களுக்குள்ள ஒரு போன் கெடையாதா?"

"சார், மெதுவா" என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"மெதுவாவா? கிரேன் மேல உக்காந்து காற்சட்டையோட போயிருக்கேன்மா. ஆளுங்க பாக்க ரத்தத்தோட இறங்கி வந்திருக்கேன். அதைவிட சத்தமா இன்னும் என்ன பேசணும்?" பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பினார். "உங்கள்ல யாருக்காவது இப்படி இருக்கா? வெக்கப்படாம சொல்லுங்க."

ஒருவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் தம்பி எழுந்து நின்றிருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உச்சிக்கு உறைத்தது.

தம்பி வெளியே நடந்தார். படிக்கட்டில் உச்சி எட்டிப் பிடித்தார்.

"டேய், நில்லுடா."

"நீதானே சொன்ன ஒண்ணுமே இல்லைன்னு?" தம்பியின் குரல் உடைந்தது. "வெயில்ல நின்னாகூட சுடும், இது சுடாதுன்னு சொன்ன. அதை நம்பித்தானே நான் அறுவை வேணாம்னு சொன்னேன். அவங்க சொல்லலைன்னு அந்தக் கத்துக் கத்தறியே, நீ சொன்னியா? போன வாரம் உன் வீட்டுலதானே உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு கப் டீ குடுத்து அனுப்பின."

தம்பி போய்விட்டார்.

உச்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் மெதுவாக இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். யாரும் வருகிறார்களா என்று மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு ஏழு மாசமா இருக்கு" என்றார், உதடு அசையாமல். "என்னையும் மூலம்னுதான் சொன்னாங்க."

எட்டு நாள் தம்பி போனை எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் உச்சியே கண்ணாடிக் கடைக்குப் போனார். தம்பி வைரக்கீறி கொண்டு ஒரு பெரிய கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. உச்சி எதிரே முக்காலியில் உட்கார்ந்து முதல் சொட்டிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை தடவை ஓட்டம், எந்தெந்தத் தெருவில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருப்பது, மனைவி பக்கத்தில் படுக்கக் கூசியது, எல்லாவற்றையும் சொன்னார். தம்பி கோடு போட்ட இடத்தில் தட்டினார். கண்ணாடி சுத்தமாக இரண்டாகப் பிரிந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்டா. தப்புத்தான்."

"சாப்பிட்டியா?" என்றார் தம்பி. அவ்வளவுதான் சமாதானம்.

தம்பிக்கு வந்தது மெதுவாக வளர்கிற நோய், ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் கெட்டுவிடாது என்றார்கள். அந்த ஒரு மாதமும் உச்சி வாரத்துக்கு இரண்டு முறை நாலு மாடி ஏறினார். குழு கூடியதா, கையெழுத்து ஆனதா, யாரிடம் தாள் நிற்கிறது என்று கேட்டுக் குடைந்தார். ஒரு வழியாக அனுமதி வந்தது. தம்பியின் மதிப்பெண்ணை ஆராய்ச்சி டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார். நடுத்தரம். இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது என்று மூன்று முறை சொன்னார்.

உச்சி அறுவைதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். தம்பி கேட்கவில்லை. குடலில் கரண்ட் படாதபடி, குடலுக்கும் சுரப்பிக்கும் நடுவே ஜெல் போல ஒன்றைச் செலுத்தி இடைவெளி உண்டாக்கிவிட்டுக் கரண்ட் வைக்க முடியுமா என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு அதைத் தேர்ந்தெடுத்தார்.

"உனக்கு என்ன கிறுக்காடா? என்னைப் பாத்துமா?"

"உன்னைப் பாத்துத்தான். நீ தெரியாம படுத்த, நான் தெரிஞ்சு படுக்கறேன். நாளைக்கு ஏதாவது வந்தா, மூலம்னு சொல்றவன் மூஞ்சியில காறித் துப்ப எனக்குத் தெரியும்."

தம்பிக்கு இரண்டு வருடமாகியும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் அண்ணன் எதிரில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். "நல்லா இருக்கறதுக்கு எதுக்குடா இழவு விழுந்த மாதிரி நிக்கற?" என்று உச்சி திட்டுவார். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னார். "இருக்கத்தான் செய்யும்" என்றாள் அவள்.

உச்சி எழுதிக் கொடுத்த புகாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. மனைவி அதை வாங்கிப் படித்தாள்.

"அசௌகரியமாம்! சட்டைக் காலர் இறுக்கினா அசௌகரியம். பஸ்ல சீட் கிடைக்கலைன்னா அசௌகரியம். இதை எழுதினவனை ஒரு நாள் உங்க துணியைத் துவைக்கச் சொல்லணும்." கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பிறகு ஒட்டிவைத்தாள், நாளைக்கு எங்காவது காட்ட வேண்டியிருக்கும் என்று.

வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் அதே அறையில்தான் இருக்கிறார். இப்போது திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பேசுகிறாராம். ஆராய்ச்சி டாக்டர் 'மூலம்' என்று எழுதியிருந்த கோப்புகளையெல்லாம் எடுத்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். அறுபத்திரண்டு பேர். அதில் பத்தொன்பது பேருக்கு மூலம் இல்லை. உச்சியை வராந்தாவில் பார்த்தபோது இதைச் சொன்னார். உச்சி நன்றி சொல்லவில்லை. "அந்தப் பத்தொன்பது பேருக்கு இப்ப என்ன செய்யறீங்க?" என்றுதான் கேட்டார்.

கிரேன் வேலை போய்விட்டது. இப்போது துறைமுக வாசலில் லாரி எண்களைப் பார்த்து உள்ளே அனுப்புகிற அறையில் வேலை, பத்தடி தூரத்தில் கழிப்பறை. பெயர் மட்டும் இன்னும் உச்சிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு, ரத்தம் கசிகிற இடங்களைச் சுட்டு அடைக்கிறார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகாது என்று அவருக்குத் தெரியும்.

அதற்காகப் போகிற நாட்களில் கரண்ட் பிரிவுக் கூடத்தில்தான் காத்திருக்க வேண்டும். அவர் சும்மா காத்திருப்பதில்லை. பக்கத்தில் உட்காருகிறவரிடம், என்ன வரலாம், எப்போது வரலாம், வந்தால் யாரிடம் என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். முதலில் நர்ஸ் வந்து, "பயமுறுத்தாதீங்க சார்" என்று தடுத்தாள். "பயமுறுத்தலம்மா, நீங்க சொல்லாததைச் சொல்றேன்" என்றார் அவர். நாலைந்து முறை இதே சண்டை நடந்தது.

இப்போதெல்லாம் யாராவது உறையும் கையுமாக, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் விழித்துக்கொண்டு நின்றால், நர்ஸ் உச்சிக்குப் பக்கத்து இடத்தைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள்.